தூக்கம் வராதவளுக்கு வைத்தியம்

எழுபதுகளின் கடைசியில், பசுவந்தனையிலிருந்து பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போய் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மதுரையில் ஏதோ பயிற்சிக்குப் போய்த் திரும்பிய எங்கள் வகுப்பு டீச்சர், வயசுப் பிள்ளைகளின் மனக்கவலையை முற்றவிடாமல் பள்ளிக்கூடமே தடுக்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை தையல் பீரியட் போயிற்று. அந்த நேரத்தில் ஒவ்வொருத்தியாக எழுந்து தன் கவலையைச் சொல்ல வேண்டும்.

இத்தனை பேருக்கு முன்னால் எவள் சொல்லுவாள்? மழை இல்லை என்றாள் ஒருத்தி. பருத்தியில் புழு என்றாள் அடுத்தவள். கரிசக்காட்டுக்காரிக்குக் கவலைக்கா பஞ்சம்! டீச்சரும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

என் பக்கத்தில் உட்காருபவள், எங்கள் தெருக்காரி, அவள்தான் உள்ளதைச் சொல்லித் தொலைத்தாள். "ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது டீச்சர். பத்தாவது வரைக்கும் படின்னு எங்கப்பா சொல்லிருக்காவ. அம்மா நடுவுலயே நிப்பாட்டி மாமாவுக்குக் கட்டிக் குடுத்துருவாவளோன்னு பயமா இருக்கு."

"ஏட்டி, உக்காரு" என்று அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் அழுதுவிட்டாள். டீச்சர் கண்ணிலும் தண்ணீர்.

மறுநாளே என்னை வழிகாட்டச் சொல்லி அவள் வீட்டுக்கு வந்தார் டீச்சர். நல்ல மனுஷி, அதைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சை எடுத்தால் பிள்ளைக்கு அடி விழுமே என்று சுற்றி வளைத்து, "பிள்ளைக்கு மனசு கொஞ்சம் சரியில்லை, தூங்குறதில்லை. இப்பவே கவனிச்சா பின்னால பெருசாகாது" என்றார்.

அவள் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "டீச்சரே வீடு தேடி வந்து சொல்லுதாவன்னா சும்மாவா?" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, "கேட்டீங்களா? வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? இனியும் தள்ளிப் போடுவீங்களா?" என்றாள். இத்தனை நாளும் படிப்புக்காக மல்லுக்கு நின்ற மனிதர் சரியென்று தலையை ஆட்டிவிட்டார். எங்கள் பக்கம் மனசு சரியில்லாத பிள்ளைக்கு ஒரே வைத்தியம்தான், தாலி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சரோ கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, பெற்றவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள் என்ற சந்தோஷத்தில் பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

டீச்சர் எவர்சில்வர் குடத்தோடு வந்து ஓரமாக நின்றார். மணமேடையில் அவள் தலை நிமிரவே இல்லை. அவள் அம்மா ஓடிவந்து டீச்சர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க மட்டும் வந்து சொல்லலேன்னா, பத்தாவது வரைக்கும் அனுப்பிப் பிள்ளையக் கெடுத்திருப்போம் டீச்சர்."