அண்ணனின் ஸ்லைடு

செல் வளர்ப்பது என் வேலை. கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில், கணையப் புற்றுநோய் செல்களைப் பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்த்து, அவற்றின்மேல் மருந்து விட்டு, எவ்வளவு சாகிறது என்று பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் போய்ச் செல்களுக்குச் சத்துநீர் மாற்றியாக வேண்டும். வருடக்கணக்காக இதையே செய்து வந்ததில் அந்தச் செல்கள்மேல் எனக்குப் பயமும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. அலுப்புதான் இருந்தது.

தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருந்த என் அண்ணனுக்குக் கண் மஞ்சளானபோது அண்ணி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் அரிப்பு, தூக்கமே இல்லை என்ற பிறகுதான் எனக்குப் போன் வந்தது. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பக்கம் கட்டி தெரிந்தது. பக்கத்து ரத்தக்குழாயையும் சுற்றிப் பிடித்திருந்தது. அடைத்த பித்தக்குழாய்க்குள் ஒரு சின்னக் குழாய் வைத்து மஞ்சளை இறக்கினார்கள். ஆபரேஷன் இப்போதைக்கு முடியாது, கீமோ கொடுத்துச் சுருங்குகிறதா பார்க்கலாம் என்றார் டாக்டர். அவர் சொன்ன மருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் தட்டில் அதை விட்டால் ஓரிரு நாளில் செல்கள் ஒட்டியிருந்த இடத்தைவிட்டு உதிர்ந்து மிதக்கும். அண்ணிக்கும் இது தெரியும். அதனால் முதல் கீமோவுக்கு இருவரும் கொஞ்சம் தைரியமாகவே வந்தார்கள்.

அப்புறம் மாதங்கள் ஒரே மாதிரி போயின. ஊசி ஏறும் நாளில் நான் லீவு போட்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணனுக்குத் தாளிக்கிற வாசனையே ஆகாமல் போனது. அரிசிம்பருப்புச் சோற்றை வெறுமனே இரண்டு வாய் வாங்கிக்கொண்டு தட்டைத் தள்ளிவிடுவார். இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட் போட்டார். மறுபடி ஸ்கேன் எடுத்தபோது கட்டி சுருங்கவில்லை, கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி கேட்டார். "உங்க தட்டுல எல்லாம் செத்துப் போயிருதுன்னு சொல்லுவீங்களே அம்மணி. இவருக்கு மட்டும் ஏனுங்க கேக்க மாட்டீங்குது?"

அவர் குரலில் கோபம் இல்லை. பக்கத்தில் சக்கர நாற்காலியில் கண்ணை மூடியிருந்த அண்ணன் பேசினார்.

"அது எப்படி இருக்குதுன்னு நான் ஒருக்கா பாக்கோணும் கண்ணு. பாக்க முடியுமா?"

நோயை உறுதிசெய்ய முதலில் ஊசி வைத்து எடுத்த அவருடைய திசு, கண்ணாடி ஸ்லைடாக அதே ஆஸ்பத்திரியின் பரிசோதனைப் பிரிவில் இருந்தது. அங்கிருந்த டாக்டரம்மா எனக்குத் தெரிந்தவர். தயங்கினார், பிறகு சரி என்றார். இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கிற மைக்ராஸ்கோப் அங்கே உண்டு. அண்ணனை ஒரு பக்கம் உட்காரவைத்து நான் மறுபக்கம் உட்கார்ந்தேன்.

"எல்லாம் ரோஸ் கலரா இருக்குது."

"அது நாருங்ண்ணா. காயம் ஆறுனா தழும்பு கெட்டியாகுமில்லீங்களா, அந்த மாதிரி."

"நோய் எங்கே?"

ஸ்லைடை நகர்த்தி, ஊதா நிறத்தில் சின்னச் சின்ன வளையங்களைக் காட்டினேன். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, அந்த ரோஸ் நிறத்துக்குள் புதைந்து கிடந்தன.

"இத்துனூண்டுதானா?"

"ஆமாங்ண்ணா."

"அப்ப மீதி?"

"மீதி உங்க உடம்பு கட்டுனதுங்ண்ணா."

அது எப்படி என்று அவருக்குப் புரியும்படி சொன்னேன். அந்தச் செல்கள் சுற்றியிருப்பவற்றுக்கு ஓயாமல் ஏதோ தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். காயம் ஆற்றுகிற வேலையில் இருக்கும் நல்ல செல்கள், இங்கே ஆறாத காயம் ஒன்று இருப்பதாக நினைத்து நாரைப் பின்னிக்கொண்டே போகும். கட்டி இறுகும். இறுக இறுக உள்ளே இருக்கிற ரத்தக்குழாய்கள் நசுங்கும். மருந்து ரத்தத்தோடுதான் வர வேண்டும், வழி இல்லை. காற்றும் போதாது. அந்தப் பஞ்சத்தில் பிழைத்துக்கொள்கிறவை இன்னும் முரடாகிவிடும். கொல்ல வருகிற வெள்ளையணுக்கள் பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றுவிடும், வேறு சில உள்ளே போய் நோய்க்கே உதவி செய்யும். என் தட்டில் இது எதுவுமே கிடையாது. அங்கே செல் இருக்கும், மருந்து இருக்கும், அவ்வளவுதான்.

அண்ணன் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இதுல பாதிக்கு மேல நானேதான்" என்றார்.

நான் ஸ்லைடை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"அந்த நாரைக் கரைச்சுப் போட முடியாதா?"

"எலிகள்ல செஞ்சு பாத்திருக்காங்கண்ணா. சிலதுல மருந்து நல்லா உள்ள போச்சு. சிலதுல நாரு போனதும் நோய் வேகமாப் பரவிருச்சு. அந்த நாரே அதை ஒரு பக்கம் புடிச்சும் வெச்சிருக்குதுங்க."

"சரி" என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். காரில் ஏறியதும் தூங்கிவிட்டார். வீடு போய்ச் சேரும்வரை எழவில்லை.

அண்ணிக்காக இன்னும் கொஞ்ச நாள் கீமோவுக்கு வந்தார். ஒரு காலை, கிளம்புவதற்குச் சட்டையை எடுத்து வைத்த அண்ணியிடம், "போதும் அம்மணி. இனி ஊட்டுலயே இருந்துக்கறேன்" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் அந்தச் சட்டையை வாங்கி மடித்து வைத்தேன். நோய் கொடுத்த முதுகுவலியை மரத்துப்போகச் செய்ய நரம்பில் ஊசி போட்ட பிறகு சில வாரங்கள் அவர் நன்றாகவே இருந்தார். அந்தச் சமயத்தில் தோப்புக்குள் யானை புகுந்து இளந்தென்னங்கன்றுகளைச் சாய்த்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து பார்த்தார். எந்தக் குழியில் என்ன நட வேண்டும் என்று ஆட்களிடம் சொன்னார். அந்த வருடத்து மழை பிடிக்கும் முன்னால் இறந்துபோனார்.

இப்போது நான் புற்றுநோய் செல்களைத் தனியாக வளர்ப்பதில்லை. நார் பின்னுகிற செல்களையும் சேர்த்து, கூழ் மாதிரியான ஒரு பொருளுக்குள் வைத்து வளர்க்கிறேன். அதே மருந்தை விட்டால் சாவது குறைவு. வேலை இரண்டு மடங்கு, பாதி நாள் ஏதாவது கெட்டுப்போகிறது. நல்ல முடிவு என்று சொல்ல இன்னும் ஒன்றுமில்லை.

போன வாரம் தொண்டாமுத்தூர் போயிருந்தேன். அண்ணி தோட்டத்துக் கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் வேறெதையோ பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார். "அவரு உடம்பே அதுக்கு ஒதவி செஞ்சுதுன்னு அன்னிக்குச் சொன்னீங்களாமா. நாஞ் சமைச்சுப் போட்டதுல ஏதாச்சும் ஆகாததா இருந்திருக்குமுங்களா?"

இத்தனை மாதமாக இதை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

"இல்லீங்க அண்ணி. காயத்தை ஆத்தறது உடம்போட வேலை. எதுக்காக ஆத்தறோம்னு அதுக்குத் தெரியாதுங்க. உங்க சமையலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்ல."

நம்பினாரா என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டு, மோட்டாரை நிறுத்த எழுந்து போனார். நான் அந்தக் கட்டிலிலேயே படுத்துக் கண்ணை மூடினேன்.