கையைத் தூக்கினால் தாளம் நிற்க வேண்டும்

எங்கள் லிங்கராஜபுரம் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம். கீபோர்டு வாசிப்பது நான். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவள். நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரியாது. பாட்டைக் கேட்டால் போதும், விரல் தானே போய்விடும். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கீபோர்டு பழசு. கட்டைகள் நன்றாக இருந்தன, உள்ளே இருக்கிற தாளம்தான் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி. நாம் வாசிக்க வாசிக்கத் தாளமும் மற்ற வாத்தியங்களும் கூடவே போடுகிற பெட்டி ஒன்றை வயரில் மாட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் லேப்டாப்பில் சாஃப்ட்வேர் ஏற்றிக்கொள்ளலாம் என்றான் மகன். அவனுக்கு சாஃப்ட்வேர்தான் பிடித்தது. கடைக்கு அழைத்துப் போனான்.

லேப்டாப்பில் வந்த வயலினைக் கேட்டு நானும் கொஞ்சம் மயங்கினேன், பொய் சொல்ல மாட்டேன்.

"ஆயிரம் சவுண்டு இருக்கும்மா" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும் சார். நான் பாடிக்கிட்டே வாசிக்கிறேன், பாருங்க."

எங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு அடியின் கடைசியையும் இழுப்போம். இவ்வளவு நேரம் என்று கிடையாது. எல்லாரும் மூச்சு விட்டு, திரும்ப வாங்கின பிறகுதான் அடுத்த அடி. அப்படியே இழுத்தேன். தாளம் தன்பாட்டுக்கு எங்கேயோ போய்விட்டது.

"தாளத்தோட பாடணும்மா" என்றார்.

"எங்க ஆளுங்க எல்லாம் அறுபது தாண்டினவங்க. அவங்களை ஓடச் சொல்றீங்களா? இதுதான் நிக்கணும்."

மகன் சிரித்தான். "இதுலயும் நிறுத்தலாம்மா. நான் செட் பண்ணித் தர்றேன்."

"வெள்ளிக்கிழமை நீ ஆபீஸ்ல இருப்பே. லேப்டாப்பும் உன்கூடப் போயிடும். நான் வாசிக்கிறதுக்கு உன்னை எதிர்பார்க்கணுமா?"

கடைக்காரர் யோசித்துவிட்டு, ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மாட்டி, பட்டன் ஒன்றை அழுத்தினார். "இப்போ வாசிங்க. இடது கையை எடுத்தா நிக்கும், வச்சா ஓடும்."

அடியின் கடைசியில் இடது கையைத் தூக்கினேன். தாளம் நின்றது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற வரை இழுத்தேன். கையை வைத்தேன், சரியாகப் பிடித்துக்கொண்டது. வயலின் அவ்வளவு நன்றாக இல்லைதான். வயலின் கேட்கவா ஜெபக்கூட்டத்துக்கு வருகிறார்கள்?

வாங்கி வந்த பெட்டியில் எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ். எனக்கு வேண்டிய மூன்று பட்டனில் மருமகளின் சிவப்பு நெயில் பாலிஷைச் சொட்டுச் சொட்டாக வைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை முதல் பாட்டு முடிந்ததும் ஆபீஸிலிருந்து மகன் போன் பண்ணினான். "ஏதாவது சிக்கலாம்மா? வரட்டுமா?"

"எல்லா அடியும் நின்னு நின்னு வந்துச்சு. நீ உன் வேலையைப் பாரு. போனை வை, இங்க எல்லாரும் மூச்சு வாங்கிட்டு ரெடியா இருக்காங்க" என்றேன்.