குஞ்சம்மாளைச் சுற்றி நட்ட நாற்று

பாவாடை நாடாவின் இரண்டு முனையும் எட்டாமல் போன காலையில், அம்சவள்ளிக்கு முதலில் ஞாபகம் வந்தது தன் வயிறு அல்ல, குஞ்சம்மாள்.

நாடா புதியது. துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். போன மாதம் ஜாக்கெட்டுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை வெளியே விட்டு மறுபடி தைத்தாள். பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்த அவள் புருஷன் செல்லமுத்து, ரேஷன் அரிசி உனக்கு நல்லா ஒத்துக்கிச்சு என்று சிரித்தான். சும்மா கிண்டல்தான், அதில் விஷம் ஏதுமில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. அந்தச் சொல் அவளுடையது. அவள்தான் ஒருநாள் அதைக் குஞ்சம்மாளிடம் சொன்னாள்.

சங்கராபுரத்தைச் சுற்றி நாலைந்து ஊர்களில் நடவு என்றால் அம்சவள்ளியின் கொத்தைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு டஜன் பெண்கள். காணிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொண்டு இறங்குவார்கள், பொழுது சாய்வதற்குள் சேறு பச்சையாகிவிடும். அவள் யாரையும் அதட்டி வேலை வாங்கியதில்லை. வரப்பை ஒட்டிய ஓரத்தில் அவள் குனிவாள். மற்றவர்கள் அவள் கையைப் பார்த்துக் குனிவார்கள். ஒரு பக்கமாகப் பார்வையை ஓட்டினால் போதும், அந்தப் பக்கத்துக் கைகள் தாமாகவே வேகமெடுக்கும். நடவுக்காரிக்குக் கண்ணே வாய் என்று ஊரில் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள்.

அவளுக்கு அடுத்த இடம் எப்போதும் குஞ்சம்மாளுக்கு. இரண்டு பேரும் ஒரே தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். குஞ்சம்மாள் நாலு வயது மூத்தவள், அதனால் அக்கா. ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். நாற்று முடியை இடது கையில் பிடித்து, வலது கையால் பிரித்துச் செருகி அவள் பின்னால் நகர்வதைப் பார்த்தால், ஏதோ தண்ணீரில் விரலால் எழுதிக்கொண்டே போகிறாள் என்று தோன்றும். இருவரும் பேசிக்கொண்டே நட்ட வயல்களை அடுக்கினால் ஒரு தாலுக்கா தேறும்.

ஐம்பதைத் தாண்டியதும் குஞ்சம்மாளுக்கு மாதவிலக்கு நின்றது. அதன் பிறகு உடம்பு மாறத் தொடங்கியது. கையும் காலும் அப்படியே இருக்க, இடுப்பிலும் வயிற்றிலும் சதை ஏறியது. குனிந்தால் மூச்சு முட்டியது. முட்டி வலித்தது. குளிர்ந்த காற்றடிக்கிற காலையிலும் முகம் குப்பென்று வேர்க்க, முந்தானையால் துடைத்துக்கொண்டு நிற்பாள். அவள் நிற்கும் நேரத்தில் வரிசை நகர்ந்துவிடும். மகன் மெட்ராஸிலிருந்து கறிக்குக் காசு அனுப்புகிறானா என்று பெண்கள் சீண்டினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மோட்டார் கொட்டகை நிழலில் கஞ்சி குடிக்கும்போது ஒருநாள், மற்றவர்கள் கை கழுவப் போன சமயம் பார்த்து, அவள் அம்சவள்ளியிடம் மட்டும் வாய் திறந்தாள்.

“ராத்திரி சோத்த வுட்டே ஆறு மாசம் ஆவுது அம்சா. மோரக் குடிச்சிட்டுப் படுக்கறேன். அப்பவும் வயிறு ஏறிக்கினேதான் போவுது. திடுதிப்புனு ஒடம்பெல்லாம் நெருப்பு வெச்சாப்பல எரியுது. கண்ண மூடுனா தூக்கம் வர்ல. இது தின்னு வந்த ஒடம்பு இல்லடி.”

“ரேஷன் அரிசி ஒத்துக்கிச்சுக்கா உனக்கு. வாயக் கட்டு, எல்லாம் சரியாப் பூடும்.”

குஞ்சம்மாள் தூக்குச்சட்டியைக் கழுவ எழுந்தாள். எழுவதற்குக் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அம்சவள்ளி அதைப் பார்த்தாள். கை கொடுக்கத் தோன்றாமல் இல்லை, கொடுக்கவில்லை.

அந்தச் சம்பா நடவில் அவளைத் தன் பக்கத்திலிருந்து நகர்த்தி வரிசையின் நடுவில் நிறுத்தினாள். வேகம் குறைந்தது கரையில் நிற்பவர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுதான் செய்தாள். நடுவில் நின்றதால்தான் நன்றாகப் பட்டது. ஏரிக்கரை ஓரத்து வயல்காரர் வெங்கடேசன் வரப்பில் நின்றபடி, “வரிசை நடுவுல தொங்குதே அம்சவள்ளி, அடுத்த போகத்துக்கு நடவு மிஷினு சொல்லிடலாமானு பாக்கறேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யோசனை கேட்பது போலச் சொன்னார். அது அவளை இன்னும் பயமுறுத்தியது. மிஷின் வந்தால் ஒரு வயலோடு நிற்காது.

நடவில் ஒரு விளையாட்டு உண்டு. கூடு கட்டுவது என்பார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவளோ, முதல் தடவையாகச் சேற்றில் இறங்கும் பெண்ணோ கை தெரியாமல் பின்தங்கினால், இரண்டு பக்கத்துப் பெண்களும் அவளைத் தாண்டிப் பின்னால் நகர்ந்துபோய், அவள் முதுகுக்குப் பின்னே நாற்றை நட்டு வழியை அடைத்துவிடுவார்கள். குனிந்திருப்பவளுக்குத் தெரியாது. நிமிரும்போது நாலு பக்கமும் பச்சை, நடுவில் அவள். நட்டதை மிதிக்காமல் வெளியே வரமுடியாது. வயல் முழுக்கச் சிரிப்பு எழும். மாட்டியவள் சாயங்காலம் எல்லோருக்கும் காராசேவு வாங்கித் தரவேண்டும். அடுத்த வருஷம் அவளே இன்னொருத்திக்குக் கூடு கட்டுவாள். மூத்த நடவுக்காரிக்கு யாரும் கட்டியதில்லை. கூடு கட்டக் கொத்துக்காரி கண் காட்டவேண்டும், அதுவும் வழக்கம்.

வெங்கடேசன் அந்தப்புறம் போனதும் அம்சவள்ளி நடுவைப் பார்த்தாள். குஞ்சம்மாள் ஒரு கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு ஒற்றைக் கையால் நட்டுக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி அவளுக்கு இந்தப் பக்கத்துக் கமலாவையும் அந்தப் பக்கத்து ஷாலினியையும் பார்த்துக் கண் காட்டினாள். கமலா ஒரு கணம் தயங்கினாள். ஷாலினி அந்த வருஷம்தான் கூட்டத்தில் சேர்ந்தவள், கேலி என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். கைகள் விறுவிறுவென்று போயின.

குஞ்சம்மாள் காலைப் பின்னால் எடுத்து வைத்தபோது குதிகாலில் நாற்று பட்டது. திரும்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தாள். வெளியே வர ஓர் அடி எடுத்து வைத்தாள். கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறி, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் தெறித்தது. சிரிப்பு எழுந்தது. யாரோ, கிரேன் கூப்பிடுங்கடி என்றாள். குஞ்சம்மாளின் கண் வரிசை முழுவதையும் தாண்டி வந்து அம்சவள்ளியின் மேல் நின்றது. அம்சவள்ளி சிரிக்கவில்லை. குனிந்து நட ஆரம்பித்தாள்.

குஞ்சம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே, கையெட்டும் தூரம் வரை மிச்சமிருந்த சேற்றில் நாற்றைச் செருகினாள். பிறகு கைகளை ஊன்றி எழுந்து, இடைவெளி பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வரப்புக்கு வந்தாள். அவள் மிதித்த நாற்று ஒன்றுகூட இல்லை. வாய்க்காலில் புடவையை அலசிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வரவில்லை. அந்த வாரமே, மலைமேல் கரியாலூரில் அருவிக்குப் போகும் வழியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தம்பி காசிநாதனிடம் போய்விட்டாள் என்று தெரிந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் அம்சவள்ளி தனக்குள் வழக்காடினாள். கொத்தைக் காப்பாற்றத்தானே செய்தேன்? எத்தனை அடுப்பு அதை நம்பி எரிகிறது? விளையாட்டுதானே, சும்மாவா இதை விளையாட்டு என்கிறார்கள்? எல்லாரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லையே. கடைசி வாதத்தை அவள் ரொம்ப நம்பினாள். எது தோற்றாலும் அதை எடுத்து முன்னால் வைப்பாள்.

பிறகு அவளுக்கும் மாதக் கணக்கு தப்பியது; நின்றது; நாடா எட்டாமல் போனது. அவளும் ராத்திரிச் சோற்றை விட்டாள். காலையில் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டாள். நடவில் நிமிரும்போதெல்லாம், யாராவது யாரையாவது பார்த்துக் கண் காட்டுகிறார்களா என்று வரிசையை ஒரு நோட்டம் விட்டாள். யாரும் காட்டவில்லை. ஆனால் அந்த நோட்டத்திலேயே நாள் முழுக்கப் போயிற்று. ஒருநாள் வரப்பேறும்போது கண் இருட்டி விழப் பார்த்தாள். பின்னால் வந்த ஷாலினி தாங்கிப் பிடித்து, ஸ்கூட்டியில் உட்கார வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

நர்ஸ் விஜயலட்சுமி பிரஷர் பார்த்தாள், விரலில் குத்தி சர்க்கரை பார்த்தாள், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். பட்டினிக் கணக்கைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். மாதவிலக்கு நிற்கிற சமயத்தில் நிறையப் பேருக்கு இப்படி ஆவதுதான், வயிற்றில் சதை போடும், கை காலில் தெம்பு குறையும், பட்டினி கிடந்தால் இருக்கிற தெம்பும் போகும் என்றாள். பயறு, முட்டை, கீரை சாப்பிடச் சொன்னாள். பிரஷரும் சர்க்கரையும் அப்பப்போ வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னாள். எழுதிக்கொண்டே, “இப்பிடியெல்லாம் ஆவும்னு உனுக்கு முன்னாடி யாரும் சொல்லலியாம்மா?” என்று கேட்டாள்.

சொன்னார்கள் என்று அம்சவள்ளியால் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினாள். அது ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில் ஓர் ஆட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கள்ளக்குறிச்சி போய், கரியாலூர் வழியாகப் போகும் வெள்ளிமலை பஸ் ஏறினாள். கோமுகி அணையைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. ஜன்னலோரம் உட்கார்ந்து, என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். ஒவ்வொரு வளைவிலும் ஒன்று உருண்டு விழுந்தது.

கடை வாசலில் டூரிஸ்ட் வேன்கள் நின்றன. குஞ்சம்மாள் உள்ளே முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இளைக்கவில்லை. உடம்பு அப்படியேதான் இருந்தது. ஏறிட்டுப் பார்த்தாள், கத்தி நிற்கவில்லை.

“வளைவுல வாந்தி எடுத்தியா?”

“இல்லக்கா.”

“மூஞ்சி அப்பிடிக் கீது. மொதல்ல சாப்புடு.”

இலை போட்டு, சாமைச் சோறும் துவரம்பருப்புக் குழம்பும் பரிமாறினாள். இரண்டாம் தடவை சோறு வைக்க வந்தபோது அம்சவள்ளி இலைக்கு மேல் கையை மறித்தாள். அந்தக் கையைப் பார்த்துவிட்டு, குஞ்சம்மாள் அவளுடைய ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பார்த்தாள்.

“பிரிச்சி வுட்டுத் தெச்சியா?”

அம்சவள்ளி அழுதாள்; தனக்கும் நின்றுவிட்டதை, பட்டினி கிடந்ததைச் சொன்னாள். அடுக்கி வந்ததெல்லாம் போய், மிச்சமிருந்ததைச் சொன்னாள். “அன்னிக்கி நான்தான்க்கா கண்ணக் காட்டுனேன்.”

“தெரியும். வேற யாரு காட்டுனா அவுளுங்க கை நவுரும்?”

“வெங்கடேசன் மிஷினு கொண்டாரேன்னாரு. பயந்துட்டேன். எல்லாரும் சிரிச்சாளுங்க, நான் சிரிக்கலக்கா. நீயே பாத்த.”

குஞ்சம்மாள் கரண்டியைக் குண்டானில் வைத்தாள். குரல் உயரவில்லை.

“அதாண்டி. நீ சிரிச்சிருந்தா வெளையாட்டுன்னு நானும் வுட்டிருப்பேன். காராசேவு வாங்கிக் குடுத்துட்டு மறுநாள் வந்திருப்பேன். நீ சிரிக்கல. குனிஞ்சி வேலையப் பாத்த. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, என்ன வெளிய தள்ளிட்டன்னு.”

வாசலில் யாரோ மூன்று சாப்பாடு என்று கூப்பிட்டார்கள். குஞ்சம்மாள் போய்ப் பரிமாறிவிட்டு வந்தாள். அம்சவள்ளி இலையை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு வந்துவிடு அக்கா, நட வேண்டாம், நாற்று முடி எடுத்துப் போட்டால் போதும், முழுப் பங்கு என்றாள். குஞ்சம்மாள் வரமாட்டேன் என்றாள். இங்கே குனியவேண்டியதில்லை, வேர்த்தால் காற்றில் போய் நிற்கலாம், தம்பி முகம் சுளித்ததில்லை என்றாள். கோபமாக இருக்கிறாயா என்று கேட்டதற்கு, ஜாஸ்தி இல்லை, கொஞ்சம் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். பஸ் நேரத்துக்கு அவளாகவே ரோடு வரை கூட வந்தாள். வண்டி தெரிந்ததும்தான் சொன்னாள்:

“உன் கொத்துல கமலாவுக்கும் வயசாவுது. அவளும் சோத்த வுட ஆரம்பிச்சிருப்பா. எங்கிட்ட வந்து அழுதியே, அத அங்க போயி சொல்லு.”

அடுத்த நடவு வெங்கடேசன் வயலில் இல்லை, வேறு ஒருவர் வயலில். கஞ்சி நேரத்தில் எல்லோரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அம்சவள்ளி அவித்த பயறை எல்லாருக்கும் ஒவ்வொரு பிடி கொடுத்தாள். பிறகு, தனக்கு நின்றுவிட்டது என்றும், உடம்பு ஏறியது தின்றதால் அல்ல என்றும், பட்டினி கிடந்து விழப் பார்த்ததையும், நர்ஸ் சொன்னதையும் சொன்னாள். இனி வேகத்தைக் குறைத்துத்தான் வயல் பேசப்போவதாகவும் சொன்னாள். இதையெல்லாம் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் பாதி வார்த்தையை மண்ணைப் பார்த்துச் சொன்னாள். கமலா வாயில் போட்ட பயறை மெல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, தனக்கும் ராத்திரியில் உடம்பு எரிகிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

ஷாலினிதான் கேட்டாள். கேலியே இல்லை குரலில்.

“அப்ப குஞ்சம்மா பெரிம்மாவுக்கும் இதானா?”

“ஆமா.”

“கூடு கட்டச் சொன்னியே, அப்ப உனுக்குத் தெரியாதுல்ல?”

தெரியாது என்று சொன்னால் போதும். அந்தப் பெண் அதைத்தான் நீட்டினாள், எடுத்துக்கொள் என்று. கமலாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“தெரியும்” என்றாள் அம்சவள்ளி. “அக்கா எங்கிட்ட சொல்லிச்சி. தெரிஞ்சிதான் காட்டுனேன்.”

ஷாலினி கையிலிருந்த பயறைப் பார்த்தாள். தின்னவும் இல்லை, போடவும் இல்லை. எழுந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். வழக்கமான இடத்தைத் தாண்டி, வரிசையின் மறு ஓரத்துக்குப் போய் நின்றாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அம்சவள்ளி கடைசியாக இறங்கித் தன் இடத்தில் நின்று, யாரையும் பார்க்காமல் குனிந்தாள்.