டிவி இல்லாத ஊருக்கு வந்த டிவி விளையாட்டு

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சாமான்களிலேயே உருப்படாதது அந்த டிவி விளையாட்டுப் பெட்டிதான். செருப்புப் பெட்டி அளவு இருக்கும். அதிலிருந்து வயரோடு இரண்டு திருகுகள் நீளும். ஆளுக்கு ஒன்றைப் பிடித்துத் திருகினால், திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் மேலும் கீழும் போய் ஒரு புள்ளியை மாறி மாறி அடிக்குமாம். மேல் அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு விளையாடினார்கள். அந்தப் படத்தில்தான் மனுஷர் மயங்கியிருக்கிறார்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம் அது. தூத்துக்குடியில் யார் வீட்டிலும் டிவி கிடையாது. மெட்ராசில் படம் தெரிகிறது என்பார்கள், எங்களுக்கு ரேடியோதான். அவருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அவர் வேலை பார்த்த கப்பலின் சாப்பாட்டு அறையில் ஒரு டிவி இருந்தது. ஐந்து மாதமாகச் சமையல்காரரோடு அதில் விளையாடி ஜெயித்த பெருமையில் ஊரை மறந்துபோனார். எங்கள் தெருவில் இதற்கு யாரும் சிரிக்கவில்லை. கப்பல்காரர் வீடுகளில் இதெல்லாம் சகஜம். மூன்றாம் வீட்டில் கரண்டு வருவதற்கு முன்பே ஃபிரிட்ஜ் வந்துவிட்டது, அதற்குள் துணி அடுக்கி வைத்திருந்தார்கள்.

இப்போது என் மகள் வீட்டில், கம்ப்யூட்டரில் விளையாடுவது லாபமா, டிவியில் மாட்டுகிற பெட்டி லாபமா என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். பெட்டி மலிவு, ஆனால் அதற்கு வாங்கும் விளையாட்டுகள் விலை. கம்ப்யூட்டர் விலை, ஆனால் பத்து வேலைக்கு ஆகும். இப்படிப் போகிறது பேச்சு. எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்கு நடந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் பெரிய சாமான்களின் விலையை ரூபாயில் சொல்லமாட்டார்கள். இத்தனை நாள் கப்பல், இத்தனை மாதக் கப்பல் என்று கப்பல் சம்பளத்தில்தான் சொல்வார்கள். விளையாட்டுப் பெட்டி நாலு நாள் கப்பல். டிவி, சுங்க வரியும் சேர்த்து, பத்து மாதக் கப்பல்.

நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது மூன்றே மாதம். இந்தத் தடவை பிள்ளை பிறக்கும்வரை இருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். பெட்டி வந்ததும் பேச்சு மாறிவிட்டது. அடுத்த மாதமே பம்பாயில் ஒரு கப்பல் ஏறினால், திரும்பும்போது டிவியோடு வரலாம் என்று சொல்லி, கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டுக்கு எழுதிப் போட்டார். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கும் முதல் வாரம் டிவி மேல் ஆசையாகத்தான் இருந்தது.

எங்கள் தெருவில் பிள்ளை பிறப்பது ஒரு நாள், அப்பன் பார்ப்பது இன்னொரு நாள். பிள்ளைக்குத் தலை நின்றதும் ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போய் போட்டோ எடுத்து, கப்பல் போகிற துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். அப்பன் வந்து சேரும்போது பிள்ளை நடந்துகொண்டிருக்கும். அவரைக் கண்டதும் யாரோ என்று அலறும். போகப் போக அந்த ஸ்டுடியோ இருக்கிற தெருப் பக்கம் போகாமல் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

சும்மா இருக்கும் பொழுதுக்கு ஆகட்டும் என்று, என் சிறுவாட்டுக் காசில் தோணி கட்டும் ஆசாரி ஒருவரிடம் சொல்லி ஒரு கேரம் போர்டு செய்து வாங்கினேன். அந்தப் புண்ணியவானுக்கு வளைந்த பலகைதான் கைவந்தது போல. காய்கள் எல்லாம் இடது மூலைக்கே சாய்ந்து ஓடின. சிங்கப்பூரிலிருந்து என் முகத்துக்கு வந்த பவுடர் அந்தப் பலகைக்குப் போனது. நான் பெரியதாழைக்காரி. காற்று எழுந்து கடலுக்குப் போகமுடியாத நாட்களில் என் அண்ணன்மார் மூன்று பேரோடும் ஆடி வளர்ந்தவள். இவர் தினமும் என்னிடம் தோற்றார், தினமும் மறுபடி காய்களை அடுக்கினார். ஆடும்போது வாய் தன்னால் திறந்தது. கப்பலேறி முதல் மூன்று நாள் இன்னமும் வாந்தி எடுப்பதை, சிவப்புக் காய்க்குக் குறி பார்த்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். அப்படி ஆடிய பதினைந்து நாளில்தான் எனக்கு அவரைத் தெரிந்தது, மிகவும் பிடித்தும் போனது.

அப்போது வந்தது தந்தி, உடனே பம்பாய்க்குப் புறப்படச் சொல்லி. கேரம் போர்டின் மேலேயே அதை வைத்துக்கொண்டு எனக்குச் சமாதானம் சொன்னார். இவ்வளவு தூரம் வந்த பெட்டி வீணாகக் கிடக்கிறதாம், ஒரு டிவி மட்டும் வந்துவிட்டால் போதுமாம்.

"டிவி என்ன வெல?" என்றேன்.

"பத்து மாசம்."

"அந்தப் பத்து மாசத்துக்குள்ளதான் பிள்ளயும் பொறக்குது. எனக்கு டிவி வேண்டாம். நீங்க இங்கன இருக்கணும்."

மறுநாள் காலை தபால் ஆபீசுக்குப் போய், வரவில்லை என்று தந்தி கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கு என்ன விலை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. வரமாட்டேன் என்றவரை ஏஜெண்ட் பட்டியலில் கடைசிக்குத் தள்ளிவிட்டார். அடுத்த கப்பல் கிடைக்க எட்டு மாதம் ஆனது. அதுவரை உப்பளத்தில் லாரிக்கு மூட்டை எண்ணும் வேலைக்குப் போனார். கால் வெடித்து வீட்டுக்கு வருவார். உன்னால்தான் என்று ஒரு நாள், ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. அதற்காக இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

மகள் ஒரு மத்தியானம் பிறந்தாள். ஆஸ்பத்திரி அறைக்கு வெளியே அவர் நின்றிருந்தார். நர்ஸ் பிள்ளையை நீட்டியபோது கையை மூன்று தரம் கழுவிவிட்டுத்தான் வாங்கினாராம். விளையாட்டுப் பெட்டியைப் பிறகு ஏறிய கப்பலுக்கே கொண்டுபோய்விட்டார். அங்கேதான் அதற்கு டிவி இருந்தது.

பத்து மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது மகள் நடந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் என் சேலைக்குள் ஒளிந்துகொண்டு அலறினாள், தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அலறியது போலவே. எனக்குத் தாங்கவில்லை. இதற்குத்தானா வந்த கப்பலை விட்டீர்கள், இதற்குத்தானா உப்பில் கிடந்தீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

பயணப் பெட்டியின் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் அவர் தரையில் உட்கார்ந்தார்.

"அவளுக்கு என்னயத் தெரியாம இருக்கலாம். எனக்கு அவளத் தெரியும்லா, ஏளா. அவ பொறந்த அன்னைக்கு வெளிய நின்னு கேட்டேன். இதே கொரல்தான்."

அவள் அழுது ஓயும்வரை, ஆசை ஆசையாகக் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.