பூசைக்கு முன் ஒரு மாத்திரை

என் அக்கா இன்னாசியம்மாளுக்கு மண்ணீரல் கிடையாது. எழுபத்து நாலாம் வருஷம் கழுத்தில் நெறி கட்டியது. வேலூரில் அதை நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்து, கரண்டு என்கிற கதிர்வீச்சும் வைத்தார்கள். கட்டி கரைந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், அக்கா புருஷனான மாமாவிடம் சொன்னார்: "இனிமே இவங்க உடம்புக்குக் கிருமியை எதிர்க்கிற சக்தி கம்மி. காய்ச்சலோ குளிரோ வந்தா, பொறுத்துப் பாக்கலாம்னு இருக்காதீங்க. அந்த நிமிஷமே இந்த மாத்திரை, அப்புறம் ஆஸ்பத்திரி. விட்டா ஒரே நாள்ல ஆளைக் கொண்டுபோயிடும்."

அன்று பிடித்தது மாமா சவரிராயனுக்குப் பயம். மொரப்பூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர், ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் வீட்டுக்கு ஓடிவந்து அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அவள் தும்மினால் போதும், இவர் முகம் வெளுத்துவிடும். மாத்திரையை அவள் முந்தானையில் முடிந்தே வைத்திருக்க வேண்டும். ஊரே சிரித்தது. அவர்கள் வீட்டிலேயே இருந்த நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஒரு ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது அக்காவுக்குப் பற்கள் தந்தியடித்தன. "ராஜமேரி, ஒரே குளுருடி. உங்க மாமாகிட்ட சொல்லிராத. நன்மை வாங்கறதுக்கு முன்னால வாயில எப்பிடி மாத்திரை போடறது? பூசை முடிஞ்சதும் போட்டுக்கறேன்."

நன்மை, அதாவது பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பம், வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்திருந்தார்கள். நானும் சரி என்றேன். புத்தி எங்கே போனதோ!

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். சாமியார் பிரசங்கத்தை நீட்டிக்கொண்டே போனார். நன்மைக்கு எழுந்தபோது அக்கா என் தோளில் சரிந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

மாமா பார்த்துவிட்டார். பெண்கள் நடுவே பாய்ந்து வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, மாத்திரையை அவள் வாயில் திணித்தார். "ஐயோ, நன்மை..." என்று அக்கா துப்பப் பார்த்தாள்.

சாமியார் பாத்திரத்தோடு இறங்கி வந்தார். "முழுங்கும்மா. மருந்து சாப்பிட்டா நன்மை வாங்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்று அவள் நாக்கில் நன்மையை வைத்தார். எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

புளி ஏற்றிய லாரியில் தர்மபுரிக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "குளிர் எப்ப ஆரம்பிச்சுது?"

"இப்பத்தாங்க, கோயில்ல" என்றார் மாமா.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "வூட்லயே வந்துருச்சுங்க. அப்பவே என்கிட்ட சொன்னா."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பதினோரு நாள் இழுபறியாகக் கிடந்து அக்கா பிழைத்தாள். வருஷம் மூன்றாகிறது. மாமா இன்றும் தினம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். ஏன் மறைத்தாய் என்று என்னை மட்டும் கேட்டதே இல்லை. ஒரு தரம் கேட்டு, நாலு அறை விட்டிருந்தால் தேவலை.