எங்கம்மை ஒத்துக்கொள்ளாத குற்றம்

மண்பானை காலியாக இருந்தால் ஒரு பிடி அரிசி விழும்போது சலசலவென்று கேட்கும். பானை நிறைய நிறையச் சத்தம் அடங்கிக்கொண்டே வரும். எங்கள் அடுக்களையில் நான் கேட்டு வளர்ந்த சத்தம் அது. அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, தாமிரபரணி வாய்க்கால் ஓரத்தில் இருந்த எங்கள் ஊரில், வேதக்காரர் என்று சொல்லப்பட்ட கிறிஸ்தவர் வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து ஆண்டவருக்கென்று தனியே வைப்பார்கள். அதற்குப் "பிடியரிசி" என்று பெயர். சனிக்கிழமைதோறும் அது எங்கள் வீட்டுப் பெரிய பானைக்கு வந்து சேரும். மாதம் ஒருமுறை சபை மூப்பர் வந்து எடுத்துப்போய் விற்று, எங்கோ வடக்கே சுவிசேஷம் சொல்லப் போயிருந்த ஊழியருக்கு அனுப்புவார். பானைக்குக் காவல் எங்கம்மை.

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, ஐப்பசி மழையோடு "பேதி" என்கிற காலரா வந்தது. எங்கள் தெருவில் இரண்டு சாவோடு நின்றுவிட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வயலில் கூலி வேலை செய்கிறவர்களின் தெருவில் நிற்கவில்லை. வேதத்தில் சேர்ந்து இரண்டு தலைமுறை ஆன பிறகும் நாங்கள் அந்தத் தெருவுக்குள் கால் வைத்தவர்கள் அல்லர். வடக்கே இருந்த முகம் தெரியாதவர்களுக்காக அரிசி எடுத்து வைத்தோம், கூப்பிடு தூரத்து வாய்க்காலைத் தாண்டவில்லை. இதை மூடி மறைக்க எனக்கு விருப்பம் இல்லை.

படுத்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சக்கூட அங்கே நடமாடும் ஆள் இல்லை என்று கேள்விப்பட்ட அன்று எங்கம்மை பெரிய பானையைத் திறந்தாள். அப்பா கொழும்பில் கடை வேலையில் இருந்தார். வீட்டில் கேள்வி கேட்க என்னைத் தவிர ஆள் இல்லை.

"அம்மா, அது ஆண்டவருக்குள்ளதுல்லா?"

"அவருக்குள்ளதுதாம்ட்டி. அடுப்பப் பத்த வையி."

பன்னிரண்டு நாள் நான் காய்ச்சினேன், அவள் சுமந்தாள். அங்கே அவள் ஜெபம் நடத்தவில்லை, ஒரு வசனம் சொல்லவில்லை. கொதித்து ஆறிய தண்ணீரையும் உப்புக் கஞ்சியையும் வாயில் புகட்டி, துணிகளை வெந்நீரில் அலசிப் போட்டுவிட்டு வந்தாள். பானை காலியாயிற்று.

நோய் அடங்கிய பிறகு, புருஷனைப் பறிகொடுத்துத் தான் மட்டும் பிழைத்த மாடத்தி என்பவள், வாய்க்காலில் நாங்கள் துணி துவைக்கும் இடத்துக்கு வந்து எட்டி நின்றாள்.

"தாயி, அன்னைக்கு எங்க சொந்தக்காரனே உள்ள வரல. ஒன்ன ஆரு அனுப்புனா? அதச் சொல்லு."

எங்கம்மைக்குப் பிரசங்கம் வராது. குஷ்டரோகி ஒருவன் இயேசுவிடம் வந்ததையும், அவர் அவனைத் தொட்டுச் சுகமாக்கியதையும், துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"தொட்டாரா? கையாலயா?"

"கையாலதான்."

"பொறவு குளிச்சாரா?"

"குளிச்சதா எழுதல."

மாடத்தி சிரித்துவிட்டாள். பைய வந்து எங்கம்மை பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, "இன்னுங் கொஞ்சம் சொல்லு" என்றாள்.

மாதக் கடைசியில் வந்த மூப்பர் பானையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"ஆண்டவருக்கு வச்சத எடுத்துக் கண்டவனுக்கும் காச்சி ஊத்திட்டியளே! சரி, அங்கன எத்தன பேரு வேதத்துல சேந்தாவ?"

"ஒருத்தருஞ் சேரல, அண்ணாச்சி."

"பொறவு என்னத்துக்கு ஊத்துனிய?"

"உசிரோட இருக்காவல்லா."

சபை கூடித் தீர்ப்புச் சொல்லிற்று: எல்லார் முன்பாகவும் குற்றத்தை ஒத்துக்கொள்ளும்வரை அவளுக்கு நற்கருணை அப்பமும் ரசமும் கிடையாது. அது அவளுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத்தான் தெரியும். மற்றவர்கள் முன்னே போய் முழங்கால் போடும்போது அவள் பாயில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒத்துக்கொண்டால்தான் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "குத்தம்னு சொல்லிட்டா, அடுத்த பேதிக்கு நான் எப்படிட்டி போவேன்?" என்றாள்.

பங்குனியில், நற்கருணை வாங்கத் தகுதியாக்கும் திடப்படுத்தல் எனக்கு ஆயிற்று. முதல் நற்கருணைக்கு வெள்ளை உடுத்தி எங்கம்மை பக்கத்தில் இருந்தேன். ஐயர் என்று நாங்கள் சொல்லும் பாதிரியார் என் பெயரைக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. மூப்பர் வந்து குனிந்தார்.

"ஏட்டி, எந்திரி. ஐயர் காத்துக்கிட்டு நிக்காவ."

நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். அன்றும் இன்றும் அப்படித்தான். ஆனாலும் சொன்னேன்: "எங்கம்மை வந்தா வாரேன்."

கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாதம் ஒருமுறை மாட்டுவண்டியில் வருகிற ஐயர், கையில் பாத்திரத்தோடு, எங்கம்மையைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, குத்தம்னு ஒத்துக்கிடுதியளா?"

"இல்ல, ஐயரே."

மூப்பர் வாயெடுப்பதற்குள் ஐயர், "சரி, ரெண்டு பேரும் வாங்க" என்றார்.

இப்போது அரிசி ரேஷனில் வருகிறது. வீட்டுக்கே பற்றாதபோது பிடி எங்கே எடுப்பது? அந்த வழக்கம் எங்கள் ஊரில் நின்றுபோயிற்று. அந்தத் தெருக்காரர்களில் பாதிப்பேர் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள், கூரைகள் சரிந்து கிடக்கின்றன. கஞ்சி ஊற்றி வேதத்துக்கு ஆள் பிடித்தவர்கள் என்று எங்களைப் பற்றிச் சிலர் பேசுகிறார்கள். பேச எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். மாடத்தி சாகும்வரை வேதத்தில் சேரவில்லை. எங்கம்மை நடக்க முடிந்த கடைசி நாள்வரை அவள் வீட்டுக்குப் போய் இயேசுவைப் பற்றிச் சொல்வதை விடவில்லை. இதில் யாரை யார் விலைக்கு வாங்கினார்கள் என்று அப்படிப் பேசுகிறவர்கள் எனக்குச் சொல்லட்டும்.