எல்லைக்கு வெளியே ஒரு கிணறு

பாகலூர்ப் பக்கம் எங்கள் நிலம் நீளச்சதுரமாகக் கிடந்தது. தென்மேற்கு மூலையில் தொடங்கி, வில்லாக வளைந்து, வடகிழக்காக ஏறிப்போகும் ஓர் ஓடை. அதற்குத் தெற்கே கிழக்கு எல்லைவரை பெரியவனுக்கு, வடக்கே வடக்கு எல்லைவரை சின்னவனுக்கு என்று வாயால் சொல்லிவிட்டுத் தாத்தா கண்ணை மூடினார். அப்படிப் பிரித்தால் நிலம் குறையும் என்று பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பயம். பேச்சு நின்றுபோயிற்று.

அவர்களுடைய தங்கை, என் அத்தை, பெங்களூரில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவள் இருவரையும் நிலத்துக்கே இழுத்துப்போனாள். நானும் பின்னால் ஓடினேன். ஓடை மணலில் குச்சியால் படம் போட்டாள்.

"ஓடை மேலேறிக்கிட்டே போற வரைக்கும், எப்படி வளைஞ்சாலும் சரி, ரெண்டு பங்கையும் சேர்த்தா மொத்த நிலத்துக்குக் குறையவே குறையாது. வடகிழக்கு மூலையில போய் முட்டுனா சரியா இருக்கும். முட்டலன்னா மேலதான் வரும்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்துச் சிரித்தேவிட்டார். "நம்ம ஓடை மூலையில முட்டலையே. அப்போ மேல வருதா?"

"வருதுண்ணா."

"எங்க?"

அத்தை படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து ஓடையைப் பார்த்தாள். மூலைக்கு வருமுன்பே அது எங்கள் வடக்கு எல்லையைத் தாண்டியிருந்தது. தாண்டிய இடத்துக்கும் மூலைக்கும் நடுவே, எல்லைக்கு அந்தப்புறம், ஓடைக்குத் தெற்கே என்பதால் பெரியப்பா பங்கில் சேர்ந்துவிட்ட ஒரு துண்டு நிலம். அதில்தான் எங்கள் கிணறு. பக்கத்து நிலத்துக்காரர் செத்த பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து வெட்டியது.

அவர் மனைவி அக்கரையில் ராகிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தாள்.

"பேசாம வா, வீட்டுக்குப் போலாம்," என்றார் பெரியப்பா, தணிந்த குரலில்.

அத்தை வாயருகே கையைக் குவித்தாள். "அக்கா! இந்தக் கெணறு உங்க நெலத்துல இருக்குது!"

அறை விழுந்த சத்தம்தான் முதலில் எனக்குக் கேட்டது. அப்பா யார்மேலும் கைவைத்து அதுவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கை அவருடையதுதானா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். அக்கரையில் அந்த அம்மாள் களைக்கொத்தும் கையுமாக அப்படியே நின்றாள்.

அத்தை அழவில்லை. "கணக்கு அப்படித்தாண்ணா வருது," என்றாள்.

பிறகு ஊரார் கூடிப் பேசியதில், கிணறு அந்த அம்மாளுக்கே போயிற்று. அத்தையை மறுபடி பெங்களூர் பஸ் ஏற்றவில்லை.

அறை விழுந்த அன்று அப்பாவும் பெரியப்பாவும் ஒன்றாகப் பேசிக்கொண்டே வீடு திரும்பினார்கள். நான் மட்டும் மணலருகே உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பினால்தான் அடி விழும். அத்தை எந்தக் கோட்டைத் தப்பாகப் போட்டாள் என்று வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.